மத்தியானத்துக்குப் பிறகு அன்னக்கிளி

அன்னக்கிளிக்கு முதலில் சரிந்தது இடது கண்ணின் இமை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மறுபடி மலையேறி, நிரையில் நின்று கொழுந்து பறிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கியது. விரலால் தூக்கிவிட்டாள். மறுபடியும் இறங்கியது. பக்கத்து நிரையில் இருந்த தபித்தாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னாடி, யாருக்குக் கண்ணடிக்கிற?"

"தூக்கம் சொக்குது," என்றாள் அன்னக்கிளி. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பந்தலூருக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட் அது. அன்னக்கிளி கடலுக்கு அக்கரையில், ஹட்டன் பக்கத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். தேயிலைக் காட்டை 'மலை' என்பாள். வரிசை வீட்டை 'லயம்' என்பாள். முடியாது என்பதற்கு 'ஏலாது' என்பாள். அவள் புருஷன் எல்லப்பனும் அதே போல வந்த குடும்பம்தான். ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் அவனுக்கு வேலை. ஒரே மகள் வனிதா பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

தேயிலை விலை விழுந்து எழும்பாமல் கிடந்த காலம். ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று ஃபாக்டரியில் பேசிக்கொண்டார்கள். வேறு எவனோ மலிவாக விற்கிறான் என்றும் பேசிக்கொண்டார்கள். காரணம் எதுவானாலும் உரம் வரவில்லை, லயத்துக் கூரையில் உடைந்த ஓடு மாற்றப்படவில்லை. வாரத்தில் சில நாள் வேலையே இல்லை. வேலை உள்ள நாளில் கூடுதலாகப் பறிக்கச் சொன்னார்கள். எல்லாருமே களைத்துத்தான் இருந்தார்கள். அதனால் ஒருத்தியின் களைப்பு வேறு மாதிரி இருக்கிறது என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அவளுக்கே அது தாமதமாகத்தான் பட்டது. காலையில் எழுந்தால் ஒன்றுமில்லை. தண்ணீர் தூக்குவாள், அடுப்பு மூட்டுவாள், மற்றவர்களுக்கு முன்னால் மலைக்குப் போய் நிற்பாள். வெயில் உச்சிக்கு வரும்போது ஒரு கொழுந்து இரண்டாகத் தெரியும். எது நிஜம் என்று தெரியாமல் கை காற்றைக் கிள்ளும். அதற்கும் பிறகு கை தோளுக்கு மேல் எழும்பாது. சாயங்காலம் சோறு மெல்லும்போது தாடை பாதியில் நின்றுவிடும். உள்ளங்கையால் தாடையை முட்டுக்கொடுத்து மென்று முடிப்பாள். பேச்சு மூக்கால் வரும். வனிதா ஒரு நாள், "அம்மா, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். சளி இல்லை. வலியும் இல்லை. வலி இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும்.

எஸ்டேட் மருந்தகம் காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். அன்னக்கிளி போய் நின்றால் கம்பவுண்டர் டார்ச்சடித்துப் பார்ப்பார். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கும். கையைப் பிடித்து இழுக்கச் சொன்னால் அவர் நாற்காலியோடு நகர்கிற மாதிரி இழுப்பாள்.

"உனக்கு என்னம்மா? ரத்தம் கொஞ்சம் கம்மி. இந்த மாத்திரையச் சாப்பிடு."

இரும்புச்சத்து மாத்திரை தின்று வயிறு கட்டியதுதான் மிச்சம். எல்லப்பனின் சித்தி மூக்கம்மா வந்து மந்திரித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். கயிறு கட்டிய மறுநாள் காலை அன்னக்கிளி நன்றாக இருந்தாள். காலை என்பதால் நன்றாக இருந்தாள். மூக்கம்மா அதைக் கயிற்றின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அந்த மலைக்குப் பீல்டு ஆபீசர் பரமசிவன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. மேலே உள்ளவர்கள் அவரை விரட்டினார்கள், அவர் இவர்களை விரட்டினார். ஒரு நாள் பின்னேரம் அவர் வந்தபோது அன்னக்கிளி தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, எல்லாரும் பறிச்சுட்டிருக்கறாங்க. நீ மட்டும் உக்காந்துட்டிருக்கற?"

"ஏலாதுங்க."

"என்னது?"

"கையத் தூக்க ஏலாது. பறிக்க ஏலாது."

பரமசிவன் காதில் அது 'பறிக்க மாட்டேன்' என்று விழுந்தது. சோர்வில் அவள் குரலும் தடித்து, எடுத்தெறிந்து பேசுகிற மாதிரி வந்தது. அவர் திரும்பிப் போனார். இரண்டு நாளில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வேலை செய்ய மறுத்ததற்கு விசாரணை. காலையில் வரவேண்டும்.

அன்னக்கிளி யோசித்துவிட்டு வந்தவனிடம் கேட்டாள்: "சாயங்காலமா வெச்சுக்க ஏலுமா? மலையில பறிச்சு முடிச்சிட்டு வாறேன். அப்ப பாத்தாத்தான் தெரியும்."

அப்படியெல்லாம் நேரம் மாற்ற வழக்கமில்லை என்றான் அவன். காலையிலேயே நடந்தது. மேனேஜர் முன்னால் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, தெளிவான குரலில், தனக்கு மத்தியானத்துக்கு மேல் உடம்பு விழுந்துவிடுகிறது என்று சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

லயத்தில் சும்மா இருந்த நாட்களில்தான் அதைவிடக் கொடுமையான ஒன்று நடந்தது. அவள் தேறினாள். இமை சரியவில்லை. சோறு முழுசாகச் சாப்பிட்டாள். எல்லப்பன் ஃபாக்டரியிலிருந்து வந்து அவளைப் பார்த்தான். அடுத்த நாளும் பார்த்தான். மூன்றாம் நாள் கை கால் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வேல இல்லாட்டி நல்லாத்தான் இருக்கிற."

"அப்பிடின்னா?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

அன்னக்கிளி உள்ளே போய்ப் படுத்தாள். மேனேஜர் நம்பாதது அவளுக்கு அவ்வளவு பெரிதாக இல்லை. இவன் வாயிலிருந்து இது வந்ததும், தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே சோம்பேறியாகிவிட்டேனோ, உள்ளுக்குள் ஏதோ ஒன்று என்னைக் கேட்காமலே ஏய்க்கிறதோ என்று சுவரைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் தபித்தாளிடம் போய், "நானும் வாறேன்," என்றாள்.

வேலை இல்லாத நாட்களில் தபித்தாளும் வேறு சில பெண்களும் ஜீப்பில் கூடலூர்ப் பக்கம் இஞ்சித் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போவார்கள். குனிந்தே செய்கிற வேலை. காலையில் அன்னக்கிளி எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். யாருக்கோ காட்டவேண்டும் என்பது போல வேகமாகப் பிடுங்கினாள். மத்தியானம் இரண்டு இமையும் சரிந்தன. நிறுத்தவில்லை. வேலை முடிந்து சாலைக்கு ஏறி வரும்போது தலை நிற்கவில்லை. நெஞ்சின்மேல் கவிழ்ந்துகொண்டது. தபித்தாள் அவளைத் தாங்கிப் பிடித்துச் சாலையோரத்து டீக்கடையில் உட்காரவைத்தாள். ஒரு மடக்கு டீ குடித்தாள். அது தொண்டைக்குள் இறங்காமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இருமப் பார்த்தாள். இருமவும் தெம்பில்லை.

கடைக்கார மலையாளி ஓடி வந்தார். "எந்து பற்றி சேச்சிக்கு? என்ன ஆச்சு? ஜீப்பில ஏத்து, ஆசுபத்திரிக்குப் போ!"

கூடலூர் அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் பிரீத்தி என்ற டாக்டர். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது. அவரும் களைத்துத்தான் இருந்தார். முந்தின நாளிலிருந்து மாற்று ஆள் வரவில்லை. ஆனால் அவர் அன்னக்கிளியைப் பார்த்தது பின்னேரத்தில். அதுவரை எந்த டாக்டரும் பார்க்காத அன்னக்கிளியை அவர் பார்த்தார்.

முதலில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்து, சாய்ந்தவாக்கில் உட்காரவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார். தொண்டையில் தேங்கி நின்ற எச்சிலை உறிஞ்சி எடுத்தார். கொஞ்சம் ஆசுவாசமானதும், "அக்கா, மேல விட்டத்தைப் பாருங்க. கண்ணை எடுக்காமப் பாருங்க," என்றார். பார்க்கப் பார்க்க இமைகள் மெல்ல மெல்ல இறங்கி மூடின. டாக்டர் தபித்தாள் பக்கம் திரும்பினார்.

"காலையில இப்படி இருக்காதுங்களா?"

"காலையில குதிரை மாதிரி நிப்பாம்மா."

"ஐஸ் வேணும். இங்க ஃபிரிட்ஜ் ஓடல. எங்காவது கிடைக்குமா?"

தபித்தாள் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடி, மீன் கடையில் மத்தி மேல் கொட்டியிருந்த ஐஸை ஒரு பையில் வாங்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் அதை ரப்பர் கையுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, அன்னக்கிளியின் இடது இமைமேல் வைத்தார். அறை முழுக்க மீன் நாற்றம். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தபோது அந்தக் கண் திறந்திருந்தது. மற்றது மூடியே கிடந்தது.

"கர்த்தாவே," என்றாள் தபித்தாள்.

சொல்லியனுப்பி எல்லப்பன் வந்து சேர்ந்தபோது அந்த இமை மறுபடி இறங்கிவிட்டிருந்தது. அவன் கட்டில் ஓரத்தில் நின்றான், உட்காரவில்லை. டாக்டர் மிச்சமிருந்த ஐஸை அவன் கையில் கொடுத்தார்.

"நீங்களே வைங்க. கண்ணுல அழுத்தாம, இமை மேல."

அவன் வைத்தான். விரல் மரத்துப் போகிற வரைக்கும் வைத்திருந்தான். எடுத்ததும் அன்னக்கிளியின் கண் திறந்து அவனைப் பார்த்தது. பேச நினைத்தாலும் அவளுக்கு அப்போது குரல் வந்திருக்காது.

எல்லப்பன் டாக்டரிடம் கேட்டான்: "அப்ப இது… அவ வேணும்னு செய்யிறது இல்லீங்களா?"

"வேணும்னு யாராலயும் இப்படிச் செய்ய முடியாதுங்க. ஐஸ் வெச்சா நடிப்புத் தெளியுமா என்ன?" டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார ஒரு காரணம் கிடைத்தது போல உட்கார்ந்தார். "கையைத் தூக்கணும்னு மூளை நெனச்சா, அந்தச் சேதி நரம்பு வழியா மின்சாரமா ஓடி வருது. ஆனா நரம்பும் தசையும் ஒட்டிட்டு இல்லீங்க. நடுவுல இடைவெளி இருக்குது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஆனா இருக்குது. மின்சாரம் அங்க வந்து நின்னுரும்."

"அப்பறம் எப்பிடிக் கை தூக்கும்?"

"நரம்போட நுனியில சின்னச் சின்னப் பை மாதிரி இருக்குதுங்க. சேதி வந்ததும் அந்தப் பை திறந்து ஒரு ரசாயனத்தை வெளிய விடும். அசிட்டைல்கோலின்னு பேரு. அது இடைவெளியத் தாண்டிப் போயித் தசையில ஒட்டும். ஒட்டறதுக்குன்னே தசையில இடம் இருக்குது. ஒட்டினாத்தான் தசை சுருங்கும். மூளைக்குள்ள ஒரு நரம்பு இன்னொரு நரம்புகிட்டப் பேசறதும் பெரும்பாலும் இப்படித்தான். இடைவெளி, ரசாயனம், அந்தப் பக்கம் ஏத்துக்கற இடம். அதைச் சினாப்ஸ்னு சொல்வோம். இவங்களுக்கு மூளை நல்லா இருக்குது. நரம்பு நல்லா இருக்குது. சேதியும் சரியா வருது. ஏத்துக்கற இடந்தான் கொறஞ்சு போச்சு."

"எங்க போச்சு?"

"நோய்க்கிருமி வந்தா எதுத்து நிக்கறதுக்கு உடம்புல ஒரு சக்தி இருக்குதல்லங்க? அது ஆள் தெரியாம இவங்க தசையில இருக்கற அந்த இடத்தையே அடிச்சு அழிக்குது. ஏன்னு முழுசாத் தெரியாது. காலையில ஓய்வுக்கப்பறம் நரம்பு ரசாயனத்தை நிறைய விடும். இருக்கற கொஞ்ச இடத்துக்கு அது போதும். திரும்பத் திரும்ப வேலை செஞ்சா விடற அளவு கொறையும். அது எல்லாருக்கும் கொறையறதுதான். மத்தவங்களுக்கு எடம் நிறைய இருக்கறதால தெரியாது. இவங்களுக்குப் பத்தாது. கை நின்னுரும்."

எல்லப்பன் தலையசைத்தான். முழுக்கப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. "ஐஸு?" என்றான்.

"விட்ட ரசாயனத்தை உடனே கரைச்சுத் துடைக்கறதுக்கும் அங்கயே ஒண்ணு இருக்குதுங்க. இல்லாட்டி சுருங்கின தசை விரியாது. குளிர்ல அந்தத் துடைக்கற வேலை மெதுவாகும். ரசாயனம் இன்னுங் கொஞ்ச நேரம் தங்கும். அதனால கண்ணு திறந்துது. இவங்களுக்குக் குடுக்கற மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும், உடம்பு முழுக்க."

அன்னக்கிளி கேட்டுக்கொண்டிருந்தாள். அசிட்டைல்கோலின் என்ற பெயர் அவள் மனதில் நிற்கவில்லை. சேதி சரியாக வருகிறது என்பது மட்டும் நின்றது. கையைத் தூக்கு என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவள் சொல்லித்தான் இருக்கிறாள். கை கேட்கவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. எல்லப்பன் ஐஸ் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தான்.

அன்றே ஆம்புலன்ஸில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுப் பார்த்து, கையில் மின்சாரம் வைத்துப் பார்த்து, அதே நோய்தான் என்றார்கள். மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டாம். வயது ஏற ஏறச் சுருங்கிப்போக வேண்டியது, அவளுக்குப் பெருத்து நின்றது. உடம்பை உடம்பே அடிப்பதற்கு அதுவும் தூண்டுதலாக இருக்கலாம், எடுத்துவிட்டால் பலருக்குத் தேறும், ஆனால் உடனே தேறாது, மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள் ஆகும் என்றார்கள்.

நெஞ்செலும்பைப் பிளந்து எடுத்தார்கள். பல வாரம் அங்கே கிடந்தாள். எல்லப்பன் லீவு போட்டுப் போட்டு, இனி லீவு இல்லை என்று ஃபாக்டரியில் சொன்னபோது வனிதா வந்து அம்மாவோடு இருந்தாள். அவளுடைய பரீட்சை அந்த வாரங்களில் வந்து போய்விட்டது. அடுத்த முறை எழுதலாம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது அன்னக்கிளியின் வாழ்க்கை மாத்திரையைச் சுற்றி நடந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு திறந்துகொள்ளும். சில மணி நேரம் கழித்து மறுபடி மூடும். திறந்திருக்கும்போதே சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், பேச வேண்டியதைப் பேச வேண்டும். வயிறு பிசையும், அடிக்கடி வெளியே போகவேண்டியிருக்கும். வேறு எதற்காவது டாக்டரிடம் போனால் முதலில் இந்த நோயைச் சொல்லிவிட வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள், சில மருந்துகள் இவளுக்கு ஆகாது என்று. மத்தியானத்துக்கு மேல் படுத்துக்கொள்வாள். எல்லப்பன் சோற்றைக் குழைய வேகவைக்கக் கற்றுக்கொண்டான். அன்று கை கால் கழுவிக்கொண்டே சொன்னதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

கோழிக்கோட்டு டாக்டர்கள் சொன்னதை ஏற்று எஸ்டேட் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிள்ளைக் காப்பகத்தில் காலை வேலை. அது அதிக நாள் நீடிக்கவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். முதலில் ஃபாக்டரி, பிறகு ஆபீஸ். கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் எப்போது வருவோம் என்று சொல்லவில்லை.

பரமசிவன் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் அன்னக்கிளி அந்த வழியாகத் தண்ணீருக்குப் போனாள். அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உடம்பு எப்படி இருக்குது?"

"காலையில நல்லாருக்கு சார்."

அவர் கயிற்றை முடிச்சிட்டபடி நின்றார். "அன்னைக்கு நீ சொன்னது எனக்கு வேற மாதிரி காதுல விழுந்துதும்மா. மேல கேட்டாங்க, சொல்லிட்டேன்." முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குங்கூடத்தான் அசதியா இருக்குது. எந்த மாத்திரையப் போடறதுன்னு தெரியல."

கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே எடுத்துக்கொண்டு கேட்டாள்: "தூங்கி எழும்பினா போவுதா சார்?"

"தூக்கம் வந்தாத்தான?"

"அப்ப இது வேறங்க," என்றாள். அவர் தலையசைத்தார். லாரி புறப்பட்டுப் போனது.

வனிதா மறுபடி பரீட்சை எழுதவில்லை. லயத்திலிருந்து நாலைந்து பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபோது அவளும் போனாள். போகும்போது அன்னக்கிளி அழுதாள். தன் உடம்பு காரணமா, தேயிலை விலை காரணமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்றாள் தபித்தாள். ஆறுதலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மூடிக் கிடந்த எஸ்டேட்டில் மிஞ்சிய குடும்பங்கள் தங்களுக்குள் நிரையைப் பிரித்துக்கொண்டு, பறித்த இலையை வெளி ஃபாக்டரிக்குப் போட்டு ஓட்டினார்கள். உரமில்லாத செடி, கிளை வெட்டிக் கவாத்து செய்யாத செடி, ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. அன்னக்கிளிக்கு எட்டுகிற செடியாகப் பார்த்துப் பள்ளத்தில் ஒரு துண்டு கொடுத்தார்கள். மத்தியானம் வரை பறிப்பாள். அதற்குமேல் யாரும் அவளைக் கேட்பதில்லை.

அடுத்த வருடம் மாத்திரையைக் குறைத்தார்கள். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். தேயிலை விலை மட்டும் ஏறவில்லை. ஒரு நாள் பின்னேரம், தபித்தாள் பள்ளத்துக்கு இறங்கி வந்தபோது, அன்னக்கிளி இன்னும் பறித்துக்கொண்டிருந்தாள். தான் மத்தியானத்தைத் தாண்டிவிட்டதை அவளே கவனித்திருக்கவில்லை.

"கண்ணு எப்பிடிடி இருக்கு?"

அன்னக்கிளி நிமிர்ந்து எதிர்ச் சரிவைப் பார்த்தாள். ஒன்று ஒன்றாகவே தெரிந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்கியபடியே வைத்திருந்தாள். அது நின்றது.

"கண்ணு நல்லாருக்கு. இடுப்புத்தான் ஒடியுது," என்றாள்.

"எனக்குந்தான்," என்றாள் தபித்தாள். இரண்டு பேரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஈரத்தில் உட்கார்ந்தார்கள்.